ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டா... மாட்டிக்கொள்ளப்போவது யார்?

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கினால், ஒரே ஏரியாவில் இரண்டு விதமான ஆபீஸ்களைப் பார்க்கலாம். கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால் கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. கம்பெனிகள். அங்கே யார் எந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாம், எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்வதற்கே தனி டீம் உட்கார்ந்திருக்கும். உள்தெருக்களுக்குள் நுழைந்தால் கதையே வேறு. வீட்டு மாடியில் ஆடிட்டர் ஆபீஸ், கீழே பிரிண்டிங் பிரஸ், பக்கத்தில் மெஷின் பாகங்கள் சப்ளை செய்யும் கம்பெனி. எட்டோ பத்தோ கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், ஒரு பிரிண்டர். தனி டீமெல்லாம் கிடையாது. சிஸ்டம் படுத்துக்கொண்டால் போன் போட்டுக் கூப்பிட ஒரு சர்வீஸ் தம்பி மட்டும் உண்டு.

அப்படிப்பட்ட ஓர் ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மதியம் ஒன்றரை மணி. அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் வாசலில் இருந்து ஒரு குரல்.

"அக்கா, உங்க சிஸ்டம் பாஸ்வேர்டு என்ன? அவசரமா ஒரு பில் எடுக்கணும்."

"அதேதான் தம்பி. கம்பெனி பேரு, ஒன்னு ரெண்டு மூணு."

ஒரு மாதம் கழித்து, ஒரு பில்லில் 48,000 ரூபாய் இருந்த இடத்தில் 18,000 ரூபாய் இருக்கிறது. மாற்றியது யார் என்று முதலாளி பார்க்கிறார். கம்ப்யூட்டர் காட்டும் பெயர், அந்த அக்காவின் பெயர். "நான் இல்ல சார்" என்கிறார் அவர். உண்மையிலேயே அவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? அந்த ஆபீஸில் பத்துப் பேருக்கும் அவருடைய பாஸ்வேர்டு தெரியும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் 'இவருக்கு இதுவரைதான்' என்று எல்லை போடுவதைப் பற்றிப் பேசினாலே பலருக்கு முகம் சுருங்கும். "எங்களை நம்பலையா சார்?" என்ற கேள்வி வரும். உண்மையில் அந்த எல்லை முதலாளியின் பணத்தைக் காப்பதைப் போலவே, நேர்மையாக வேலை பார்க்கிறவரின் பெயரையும் காக்கிறது.

பாஸ்வேர்டு பிறந்ததும் திருடு போனதும்

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்த கதையிலேயே இந்தப் பிரச்னையும் சேர்ந்தே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு பயன்படுத்தும் 'சி.டி.எஸ்.எஸ்.' என்ற முறையை ஃபெர்னாண்டோ கார்பாட்டோ தலைமையிலான குழு உருவாக்கியது. ஒருவருடைய ஃபைலை இன்னொருவர் பார்க்காமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. 1962-ல் அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். பாஸ்வேர்டுகள் இருந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி கம்ப்யூட்டருக்கே ஒரு கோரிக்கை வைத்தார். அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பிறகு மற்றவர்கள் கணக்கில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டார். இதை அவரே பல வருடங்கள் கழித்துச் சொன்னார்.

வாசலில் பூட்டு நன்றாகத்தான் இருந்தது. எல்லாச் சாவிகளும் தொங்கிய அறையைத்தான் யாரும் பூட்டவில்லை. அறுபது வருடம் கழித்தும் பல ஆபீஸ்களில் நிலைமை இதுதான். பாஸ்வேர்டு இருக்கும். அதைப் போட்டு உள்ளே போனால் எல்லாமே திறந்து கிடக்கும்.

இரண்டு கேள்விகள்

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொண்டால் போதும். வாசலில் நிற்கிறவர் கேட்பது, "நீங்க யாரு? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" உள்ளே போன பிறகு, நகைப் பெட்டி இருக்கும் அறைக்குள் நுழையப் பார்த்தால் வேறு கேள்வி வரும்: "உங்களுக்கு இங்க என்ன வேலை?"

கம்ப்யூட்டரும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில், யூசர் பெயரும் பாஸ்வேர்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில், அந்த யூசருக்குக் கொடுத்திருக்கும் உரிமை. பார்க்க மட்டும் உரிமையா, மாற்றவும் உரிமையா, அழிக்கவும் உரிமையா? சின்ன ஆபீஸ்களில் முதல் கேள்வி அரைகுறையாகக் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை.

"ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்" என்பது கம்ப்யூட்டர் பாதுகாப்பின் பாலபாடம். ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975-ல் எழுதிய கட்டுரையில் இதை ஒரு விதியாகவே வகுத்துவைத்தார்கள்.

தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கிவைக்கும் சிறிய ஏரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஏரி என்றால் மதகு உண்டு. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதை மதகுதான் முடிவு செய்யும். ஆபீஸ் நெட்வொர்க்கில் அந்த மதகைப் போடத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

பத்து கம்ப்யூட்டரில் பத்து லிஸ்ட்

மறப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. சின்ன ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் இணைக்கப்படும் விதமே அப்படி. விண்டோஸில் இதை 'வொர்க்குரூப்' என்பார்கள். இதில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனி வீடு. யார் உள்ளே வரலாம் என்ற லிஸ்ட்டை ஒவ்வொன்றும் தானே வைத்துக்கொள்ளும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், அவர் தொட வேண்டிய ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அவருக்குத் தனியாகக் கணக்கு தொடங்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற ஒன்பதுக்கும் அது தெரியாது. அவர் வேலையை விட்டுப் போனால், பத்து இடங்களிலும் போய் அழிக்க வேண்டும். எட்டில் அழித்துவிட்டு இரண்டை மறந்துவிட்டால் கேட்பாரே இல்லை.

இந்தத் தலைவலிக்குப் பயந்துதான், "எல்லாத்துக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு வெச்சிடுப்பா" என்று முடித்துவிடுகிறார்கள்.

பெரிய ஆபீஸ்களில் இருப்பது 'டொமைன்' முறை. லிஸ்ட் ஒரே இடத்தில், ஒரு சர்வரில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் அது சர்வரைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். ஒருவர் வேலையை விட்டால் ஒரே இடத்தில் பெயரை முடக்கினால் போதும். மைக்ரோசாஃப்ட் இதற்கான 'ஆக்டிவ் டைரக்டரி'யை விண்டோஸ் 2000-உடன் கொண்டுவந்தது. காசு கொடுத்து விண்டோஸ் சர்வர் வாங்க முடியாதவர்களுக்கு, லினக்ஸில் ஓடும் 'சாம்பா' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த அதன் நான்காவது பதிப்பிலிருந்து, அதுவே ஒரு டொமைன் சர்வராக வேலை பார்க்கும்.

ஒரு விஷயத்தை வாங்கும்போதே கவனிக்க வேண்டும். கடையில் லேப்டாப்புடன் வரும் விண்டோஸ் பெரும்பாலும் 'ஹோம்' பதிப்பாக இருக்கும். அதை டொமைனில் சேர்க்க முடியாது. 'புரொ' பதிப்பு வேண்டும். விலையைப் பார்த்து ஹோம் பதிப்பில் பத்து வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்டி மாற்றுகிறவர்கள் உண்டு.

சர்வர் எல்லாம் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. முக்கியமான ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரிலோ அல்லது நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியிலோ வைத்துவிடலாம். பூட்டு போட வேண்டிய இடம் பத்திலிருந்து ஒன்றாகக் குறைந்துவிடும்.

ஷேர் ஃபோல்டரில் நடக்கும் குளறுபடி

ஃபைல்களை ஒரே இடத்தில் வைத்தாகிவிட்டது. அடுத்து, ஃபோல்டரை 'ஷேர்' செய்ய வேண்டும். பல ஆபீஸ்களில் தவறு நடப்பது இங்கேதான். ஷேர் செய்தது மற்ற கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால், எரிச்சலில் 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் அடித்துவிடுவார்கள். உடனே திறந்துவிடும். எல்லோருக்கும் திறந்துவிடும். வாசிக்க, மாற்ற, அழிக்க எல்லாவற்றுக்கும் அனுமதி.

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, நெட்வொர்க் வழியாக வருகிறவர்களுக்கான ஷேர் அனுமதி. இன்னொன்று, டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கே இருக்கும் செக்யூரிட்டி அனுமதி. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இந்த இரண்டில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். ஷேரில் 'எல்லாம் செய்யலாம்', செக்யூரிட்டியில் 'பார்க்க மட்டும்' என்றிருந்தால், அவரால் பார்க்க மட்டும்தான் முடியும். "நான் டிக் அடிச்சேனே, ஏன் சேவ் ஆகலை?" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உரிமையை ஆட்களுக்குக் கொடுக்காமல், வேலைக்குக் கொடுப்பது நல்லது. 'அக்கவுன்ட்ஸ்', 'சேல்ஸ்', 'ஸ்டோர்ஸ்' என்று மூன்று குரூப் தொடங்குங்கள். அக்கவுன்ட்ஸ் குரூப்புக்குக் கணக்கு ஃபோல்டரை மாற்றும் உரிமை. சேல்ஸ் குரூப்புக்கு விலைப்பட்டியலைப் பார்க்கும் உரிமை மட்டும். சம்பள ஃபோல்டர், முதலாளிக்கும் சம்பளம் போடுகிறவருக்கும் மட்டும். யாராவது சேல்ஸிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாறினால், ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்த் திருத்த வேண்டாம். ஒரு குரூப்பிலிருந்து எடுத்து இன்னொரு குரூப்பில் போட்டால் முடிந்தது வேலை.

டேலி பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டேலிக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் தனி யூசர் கொடுத்து, யார் எதைத் தொடலாம் என்று பிரிக்க முடியும். ஆனால், டேலியின் டேட்டா இருக்கும் ஃபோல்டர் நெட்வொர்க்கில் எல்லோருக்கும் திறந்து கிடந்தால், டேலிக்குள் நுழையாமலே அந்த ஃபோல்டரை அப்படியே அழிக்கலாம். முன்கதவுக்கு இரும்புப் பூட்டும் கொல்லைப்புறத்துக்குத் தட்டியும் வைத்த மாதிரிதான். ஃபோல்டரை அக்கவுன்ட்ஸ் குரூப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அட்மின் உரிமை என்ற மாஸ்டர் சாவி

விண்டோஸில் ஒரு யூசர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக இருக்கலாம் அல்லது சாதாரண 'ஸ்டாண்டர்டு' யூசராக இருக்கலாம். புதுக் கம்ப்யூட்டரில் முதலில் தொடங்கும் கணக்கு அட்மினாகத்தான் இருக்கும். அதையே தினசரி வேலைக்கும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அட்மினாக உட்கார்ந்திருப்பவர் தெரியாமல் ஒரு மோசமான ஃபைலைத் திறந்து, "அனுமதிக்கலாமா?" என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துவிட்டால், அந்த ஃபைலுக்கும் அட்மின் உரிமை கிடைத்துவிடுகிறது. அதே ஆள் ஸ்டாண்டர்டு யூசராக இருந்தால், கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அந்த ஒரு நிமிட நிறுத்தம் பல ஆபத்துகளைத் தடுத்துவிடும்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், உள்ளே நுழைந்ததும் எந்த யூசரின் பெயரில் ஓடுகிறதோ, அந்த யூசர் மாற்றக்கூடிய எல்லா ஃபைல்களையும் பூட்டும். அந்த யூசருக்கு ஒரே ஒரு ஃபோல்டர்தான் உரிமை என்றால், பெரும்பாலும் நஷ்டம் அந்த ஃபோல்டரோடு போகும். ஆபீஸ் முழுக்க உரிமை என்றால், ஒரு கிளிக்கில் ஆபீஸ் முழுக்கப் போகும். 2017 மே மாதம் வந்த 'வான்னாக்ரை' இன்னும் ஒரு படி மேலே போனது. விண்டோஸில் ஃபைல் ஷேர் செய்யும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் கிளிக் செய்யாமலே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது என்பதுதான் வேதனை.

கூடங்குளமும் கும்பகோணமும்

"நம்ம ஆபீஸ்ல என்ன இருக்கு, யார் வந்து திருடப்போறாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைந்ததாகச் செய்தி பரவியது. முதலில் நிலையத்தின் தரப்பு மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே, நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பான 'செர்ட்-இன்' இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது, நிர்வாக வேலைகளுக்கான, இன்டர்நெட் தொடர்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்று கழகம் சொன்னது. ஒரு கம்ப்யூட்டரில் பட்டது மற்ற இடத்துக்குப் போகாமல் நிற்க, நடுவில் சுவர் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

இன்னொன்று, 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில், வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விஃப்ட்' முறைக்குள் ஹேக்கர்கள் புகுந்து மூன்று மோசடிப் பரிமாற்றங்களை அனுப்பினார்கள். துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். எந்தப் பரிமாற்றம் நடந்தாலும் அதற்கான தகவல் ஒரு பிரிண்டரில் தானாக அச்சாகும். ஹேக்கர்கள் அந்த பிரிண்டரையே முடக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. துபாய்க்குப் போன பணம் உடனே தடுக்கப்பட்டது. ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று வங்கி அப்போது தெரிவித்தது.

ஒரு பிரிண்டர் வேலை செய்யாததை, "பேப்பர் சிக்கியிருக்கும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவது எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த கொள்ளையிலும் பிரிண்டர்தான் முதலில் நின்றது. 8.1 கோடி டாலர் பறிபோனது. விலை மலிவான பழைய ஸ்விட்சுகளில் நெட்வொர்க் ஓடியதும், ஃபயர்வால் இல்லாததும் கொள்ளைக்கு வழிவிட்டதாக அந்நாட்டு விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். மற்றொரு பங்காக 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. 'ஃபவுண்டேஷன்' என்ற வார்த்தையின் எழுத்துப் பிழையால் சந்தேகம் வந்து, அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. தொகை வங்கிக்கு வங்கி மாறலாம். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பணம் அனுப்பும் கம்ப்யூட்டரை மற்ற கம்ப்யூட்டர்கள் ஏன் தொட முடிந்தது?

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டர் தனியாக இருக்கட்டும். அதில் சினிமா டவுன்லோடு, வந்தவரின் பென் டிரைவ், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்க வேண்டுமென்றால், ரவுட்டரிலேயே 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கும். அதைக் கொடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கும் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட பாஸ்வேர்டில், யார் பயன்படுத்தினார் என்று காட்டுவதே பெரும்பாடு.

பிரைவேட் லிமிடெட் உள்ளிட்ட கம்பெனிகளுக்கு இன்னொரு விதியும் உண்டு. 2023 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து, கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே யூசரில் வேலை பார்த்தால், மாற்றம் பதிவாகும். மாற்றியவர் யார் என்பது மட்டும் தெரியாது.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர், ஊழியர் விவரங்களை வைத்திருக்கிறவர்கள் அவற்றுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆதார் நகல்களும் பான் நகல்களும் ஷேர் ஃபோல்டரில் திறந்து கிடக்கும் ஆபீஸ்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து

இதையெல்லாம் படித்துவிட்டு, நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் வேறு பிரச்னை வரும். மாலை ஏழு மணிக்கு வாடிக்கையாளர் ஸ்டாக் கேட்கிறார். சேல்ஸ் தம்பிக்கு ஸ்டாக் ஃபோல்டர் திறக்கவில்லை. முதலாளி போனை எடுக்கவில்லை. அவர் என்ன செய்வார்? ஸ்டோர்ஸ் அண்ணனிடம் பாஸ்வேர்டு கேட்பார். அண்ணனும் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்டு பகிர்கிற பழக்கம் பல சமயம் இப்படித்தான், வேலை நிற்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் தொடங்குகிறது.

அதனால் பூட்டு போடும்முன் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். "உன் வேலைக்கு எந்தெந்த ஃபைல் வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு உரிமை கொடுக்க முதலாளி தவிர இன்னொருவரும் இருக்க வேண்டும். மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் உதவாது. மக்கள் கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், அல்லது மானிட்டரில் ஒட்டிவைப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கட்டாய மாற்றம் வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பே 2017-ல் சொல்லிவிட்டது. நீளமான பாஸ்வேர்டு ஒன்று, கூடவே மொபைலில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, இதுவே மேல்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில் ஒரு மரியாதையும் தேவை. கடைசி நாள் டீயும் சமோசாவும் கொடுத்து அனுப்புங்கள். அன்று மாலையே அவருடைய கணக்கை முடக்கிவிடுங்கள். அது சந்தேகத்தால் செய்வது அல்ல என்று அவரிடமே சொல்லுங்கள். அவர் போன பிறகு நடக்கும் எந்தத் தவறுக்கும் அவர் பெயர் அடிபடக்கூடாது அல்லவா?

தண்ணீர் வந்த பிறகு

2015 டிசம்பர் முதல் வாரம் ஈக்காட்டுத்தாங்கல்காரர்களுக்கு மறக்காது. அடையாறு கரையைத் தாண்டி தெருக்களுக்குள் வந்தது. தரைத்தளத்தில் இருந்த எதுவும் தப்பவில்லை, கம்ப்யூட்டரும்தான். பேக்கப் எடுத்து வைத்திருந்தாலும், அது அதே மேஜையின் டிராயரில் இருந்தால் என்ன பயன்?

பேக்கப்புக்கும் இந்த உரிமைக் கணக்கு பொருந்தும். தினசரி வேலை பார்க்கும் யூசரால் அழிக்க முடிகிற பேக்கப், ரேன்சம்வேராலும் அழிக்கப்படும். எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க் பேக்கப் கணக்கில் வராது. ஒரு பிரதியாவது வேறு யூசர் பெயரில், வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை செய்ய ஒரு சின்ன லிஸ்ட்

* ஆபீஸில் எத்தனை பேரோ அத்தனை யூசர். பொது யூசர் வேண்டாம்.
* தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு யூசர். அட்மின் பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும்.
* ஷேர் ஃபோல்டர்களில் 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.
* சீட்டைவிட்டு எழுந்தால் விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும்.
* யாருக்கு எந்த உரிமை என்று ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.
* சர்வீஸ் செய்ய வருகிறவருக்கு அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தால், அவர் படி இறங்கியதும் மாற்றிவிடுங்கள்.
* பணம் பறிபோனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் என்றாலும் இதில் பாதி பொருந்தும். பிள்ளைகளுக்குத் தனி யூசர் தொடங்கிக் கொடுத்தால், விளையாட்டு டவுன்லோடு செய்யும்போது அப்பாவின் ஆபீஸ் ஃபைல் பக்கம் ஆபத்து போகாது.

மறுபடி அந்த மதிய நேரத்துக்கு வருவோம். இப்போது அந்த ஆபீஸில் ஆளுக்கொரு யூசர். அக்கா சாப்பிட எழுந்ததும் திரையைப் பூட்டிவிட்டார். தம்பி வந்து பாஸ்வேர்டு கேட்கிறார்.

"உன் பேர்லயே லாகின் பண்ணி எடுத்துக்கப்பா. பில் பார்க்கிற உரிமை உனக்கு இருக்கு."

தம்பி பில்லை எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு மாதம் கழித்து யாராவது எதையாவது மாற்றியிருந்தாலும், யார், எந்தத் தேதியில் என்பது பதிவில் இருக்கும். "நான் இல்ல சார்" என்று அக்கா நின்று கெஞ்ச வேண்டியதில்லை. அன்று ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும்.